நீண்ட கட்டுரைகள் சொல்லுங்கள்: செய்தி தெரிகிறது, காரணம் தெரியவில்லை

பொள்ளாச்சிப் பேருந்து:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தினமும் பொள்ளாச்சியிலிருந்து பேருந்துதான், போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. அந்த நேரம் முழுவதும் போனில் போய்விடுகிறது. எதையும் விடாமல் படிக்கிறேன், அரசியல், மழை, பங்குச்சந்தை, யார் என்ன சொன்னார், அதற்கு யார் என்ன பதில் சொன்னார், எல்லாம். வீட்டுக்கு வந்து இறங்கும்போது ஒன்றும் மனதில் நிற்பதில்லை.

போன வாரம் ராத்திரி சாப்பிடும்போது அப்பா ஒரு கேள்வி கேட்டார். எங்களுக்குத் தென்னந்தோப்பு. வெள்ளை ஈ ஒரு பக்கம், வேர்வாடல் நோய் ஒரு பக்கம் என்று மரங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. “தினமும் என்னென்னமோ படிக்கறயே கண்ணு, மழை ஏன் இப்படி ஆயிருச்சு? பெய்யற அன்னைக்குக் கொட்டித் தீர்க்குது, அப்புறம் ரெண்டு மாசத்துக்கு ஒண்ணுமில்ல. ஏன்னு சொல்லு” என்றார். நான் எல் நினோ என்று ஆரம்பித்தேன். அது என்ன, எங்கே இருக்கிறது என்று கேட்டார். இரண்டு வாக்கியத்துக்கு மேல் என்னால் போக முடியவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

அதனால் கேட்கிறேன். நாட்டு நடப்பு, பருவநிலை, வியாபாரம், பண்பாடு, எதுவானாலும் சரி, ஒரு விஷயம் எப்படி நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று நம்மை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்கிற நீண்ட கட்டுரைகள் வேண்டும். கருத்துக் கட்டுரைகள் வேண்டாம், அவை எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. தமிழில் இருந்தால் நல்லது. ஆங்கிலம் படிப்பேன், கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். இரண்டு மூன்று நாள் பயணத்தில் முடிக்கிற மாதிரி இருந்தால் ஆரம்பிக்கத் தைரியம் வரும்.

கொள்ளிடக்கரை:

தங்கச்சி, நான் சொல்லப்போவது பழைய கட்டுரை. நாட்டு நடப்பு கேட்டால் இவர் பழசைச் சொல்கிறாரே என்று நினைக்க வேண்டாம், காரணம் இருக்கிறது.

ஜான் மெக்ஃபீ எழுதிய ‘அச்சாஃபலாயா’. 1987 பிப்ரவரியில் நியூயார்க்கர் பத்திரிகையில் வந்தது, பிறகு 1989இல் அவருடைய ‘தி கன்ட்ரோல் ஆஃப் நேச்சர்’ புத்தகத்தில் சேர்ந்தது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றைப் பற்றியது. அந்த ஆறு நியூ ஆர்லியன்ஸ் வழியாக முந்நூறு மைலுக்கு மேல் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போகிறது. வழியில் அதிலிருந்து பிரிகிற கிளை ஆறுதான் அச்சாஃபலாயா. அந்த வழியில் போனால் கடல் ஏறக்குறைய பாதித் தூரம், சரிவும் அதிகம். தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? வருஷத்துக்கு வருஷம் கிளை ஆற்றுக்குப் போகிற பங்கு கூடிக்கொண்டே வந்தது. அப்படியே விட்டிருந்தால் மிசிசிப்பி தன் வழியை மாற்றிக்கொண்டிருக்கும், பேட்டன் ரூஜ், நியூ ஆர்லியன்ஸ், நடுவில் இருக்கிற ஆலைகள் எல்லாம் ஆறில்லாத கரையில் நின்றிருக்கும். அதனால் 1954இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு முடிவு எடுத்தது. அன்றைக்கு எவ்வளவு பிரிந்துகொண்டிருந்ததோ அதையே நிரந்தரமாக்கிவிடுவது, கிளை ஆற்றுக்கு 30 சதவீதம், பெரிய ஆற்றுக்கு 70 சதவீதம். ஒரு ஆறு எவ்வளவு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சட்டம் போட்டு, அதைக் காப்பாற்ற 1963இல் பெரிய மதகுகளையும் கட்டி முடித்தார்கள். பத்து வருஷம் கழித்து 1973இல் வந்த வெள்ளம் ஒரு பக்கச் சுவரைச் சாய்த்து, கட்டுமானத்துக்கு அடியிலேயே பெரிய பள்ளம் பறித்துவிட்டது. ஆற்றோடு ராணுவப் பொறியாளர்கள் நடத்துகிற போராட்டம், அதை நம்பி வாழ்கிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், எல்லோரையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு போவார்.

இதை நான் முதல்முறை படித்தபோது பாதியில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஏனென்றால் இது எங்கள் ஊர்க் கதை. என் தாத்தா திருச்சி உய்யக்கொண்டான் வாய்க்காலில் லஸ்கராக, அதாவது மதகையும் வாய்க்காலையும் பார்த்துக்கொள்கிற ஊழியராக இருந்தவர். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது, தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். கொள்ளிடம் நேராகவும் சரிவாகவும் போகிற ஆறு. 1800களின் தொடக்கத்தில் தண்ணீர் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போக, காவிரியில் மணல் மேடிட்டு, தஞ்சைக்குப் பாசனத் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. அதற்காகத்தான் ஆர்தர் காட்டன் 1836 வாக்கில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். மிசிசிப்பியில் இருந்த அதே பிரச்சினை, அவர்களுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இங்கே. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி அந்த மேலணையில் இருந்த 45 மதகுகளில் 9 அடித்துக்கொண்டு போனபோது மறுநாள் காலையில் போய் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். தண்ணீர் முழுக்கக் கொள்ளிடத்தில் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குச் செய்திகளில் ஷட்டர் உடைந்தது என்ற ஒரு வரியும் யார் மேல் தப்பு என்ற சண்டையும்தான் இருந்தன. ஆறு ஏன் அந்தப் பக்கம் போகப் பார்க்கிறது என்று எந்தச் சேனலும் சொல்லவில்லை. எனக்கு அதைச் சொன்னது எங்கேயோ லூசியானாவைப் பற்றிய கட்டுரை.

இதோடு சேர்த்துத் தமிழில் ‘நடந்தாய் வாழி, காவேரி’ படியுங்கள். சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியோடு பயணம் செய்து எழுதி 1971இல் வந்தது. புத்தகம்தான், ஆனால் அத்தியாயம் அத்தியாயமாகப் பேருந்தில் படிக்கலாம். மெக்ஃபீயிடம் தண்ணீர் எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொள்ளலாம், இவர்களிடம் அந்தக் கரையில் மனிதர்கள் எப்படி இருந்தார்கள் என்று. எனக்கு இரண்டும் ஒரே ஆற்றின் இரண்டு கரை மாதிரி.

பின்னலாடை:

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். வியாபாரம் பற்றிக் கேட்டதால் உள்ளே வந்தேன், ஆறு குளம் எல்லாம் எனக்குத் தெரியாது.

வியாபாரக் கட்டுரை என்றால் பெரும்பாலும் ஒரு முதலாளியின் வெற்றிக் கதையைத்தான் கொடுப்பார்கள், காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார் என்று. அதில் நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஐடா டார்பெல் எழுதியதைப் படியுங்கள். 1902 கடைசியில் ஆரம்பித்து 1904 வரை மெக்ளூர்ஸ் என்ற மாத இதழில் 19 பகுதிகளாக வந்தது, ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் வரலாறு. ராக்ஃபெல்லருடைய கம்பெனி. டார்பெல் பென்சில்வேனியாவின் எண்ணெய்ப் பகுதியில் வளர்ந்தவர், அவர் அப்பாவும் சிறிய அளவில் எண்ணெய் எடுத்தவர்தான். பழைய நீதிமன்றப் பதிவுகள், விசாரணை ஆவணங்கள் என்று தேடித் தேடி எழுதியிருக்கிறார்.

அதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட இடம் 1872ஆம் வருஷத்து ரயில் வாடகைக் கதை. ராக்ஃபெல்லர் தரப்பும் ரயில்வே கம்பெனிகளும் சேர்ந்து ரகசியமாக ஒரு ஏற்பாடு செய்கிறார்கள். வெளியே எல்லோருக்கும் எண்ணெய் ஏற்றுகிற வாடகையைக் கூட்டுவது, இவர்களுக்கு மட்டும் அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பது. அது பரவாயில்லை, எங்கும் நடப்பதுதான். அடுத்தது கேளுங்கள். போட்டியாளர் தன் எண்ணெயை ஏற்றி அனுப்பினால், அவர் கட்டுகிற வாடகையிலும் ஒரு பங்கு இவர்களுக்கு வரும். யார் எவ்வளவு, எங்கே அனுப்புகிறார்கள் என்ற கணக்கும் இவர்கள் கைக்கு வரும். எதிராளி எவ்வளவு விற்றாலும் அதில் நமக்கு வருமானம்! விஷயம் வெளியே தெரிந்து எண்ணெய்க்காரர்கள் கொதித்து எழுந்ததில் அந்த ஏற்பாடு அப்படியே நடக்காமல் போனது, ஆனால் அந்தக் கொஞ்ச நாளைக்குள் கிளீவ்லாந்தில் இருந்த மற்ற சுத்திகரிப்பு ஆலைகளில் பெரும்பாலானவற்றை ராக்ஃபெல்லர் வாங்கிவிட்டார்.

நாங்கள் டீ ஷர்ட் விற்கிற இணையச் சந்தை ஒன்று இருக்கிறது, பெயர் வேண்டாம். எங்களிடம் கமிஷன் வாங்குகிறது, எந்த நிறம் எந்த சைஸ் ஓடுகிறது என்ற கணக்கும் அவர்களிடம்தான் இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து எங்களுக்கு நன்றாக ஓடிய அதே மாதிரிச் சரக்கை எங்கள் விலைக்குக் கீழே அவர்களே சொந்தப் பெயரில் போட்டார்கள். என் தம்பி ராத்திரி பகலாகக் கணக்குப் போட்டுப் பார்த்தான், எங்கே தப்பு செய்தோம் என்று. நாங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை என்பது டார்பெல்லைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. வழியை வைத்திருக்கிறவன் சரக்கும் விற்றால் என்ன ஆகும் என்று நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு அம்மா எழுதி வைத்திருக்கிறார். 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி அந்தக் கம்பெனி 34ஆகப் பிரிந்தது. காப்புரிமை முடிந்த புத்தகம், இன்டர்நெட் ஆர்கைவில் இலவசமாகக் கிடைக்கும். முழுதும் படிக்க வேண்டாம், அந்த 1872 கதை வரும் அத்தியாயத்தை முதலில் படியுங்கள்.

சின்னதாக ஒன்று வேண்டும் என்றால், 2001 மார்ச்சில் ஃபார்ச்சூன் இதழில் பெத்தனி மெக்லீன் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி கம்பெனி பற்றி எழுதியது. இந்தக் கம்பெனி எப்படித்தான் பணம் சம்பாதிக்கிறது என்று நேராகக் கேட்டிருப்பார். யாராலும் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த டிசம்பரிலேயே கம்பெனி திவால். கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், உங்களுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

வளிமண்டலம்:

முதலில் உங்கள் அப்பாவின் கேள்விக்கு, அக்கா. நான் சென்னையில் இந்தப் படிப்புதான் படிக்கிறேன். காற்று 1 டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் மழை பெய்கிறபோது கொட்டுகிறது. அதே சூடு, மழை இல்லாத நாள்களில் மண்ணிலிருந்து ஈரத்தைச் சீக்கிரம் உறிஞ்சியும் விடுகிறது. கொட்டுவதும் காய்வதும் ஒரே காரணத்தால். இதை அப்பாவிடம் ஒரு பெரிய துணியை வைத்துச் சொல்லுங்கள், துணி பெரிதானால் அதிகம் உறிஞ்சும், பிழிந்தால் அதிகம் கொட்டும்.

எல் நினோ தனி விஷயம். பசிபிக் கடலின் நடுப் பகுதியிலும் கிழக்கிலும் மேல்மட்ட நீர் வழக்கத்தைவிடச் சூடாகிவிடுவது, அப்போது நம் தென்மேற்குப் பருவமழை பல வருஷங்களில் பலவீனமாகும். அந்தக் கடலின் காற்றழுத்தம் மேற்கும் கிழக்குமாக ஏறி இறங்குவதைக் கண்டு சொன்னவர் நம் இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், 1904இலிருந்து 1924 வரை. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்வார்களே, 1876 முதல் 78 வரை, அதன் பின்னால் இருந்ததும் பலத்த எல் நினோதான். மழை பொய்த்தது கடலால், ஆனால் ஜனங்கள் செத்தது கடலால் மட்டும் இல்லை, பஞ்சத்தின் நடுவிலும் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. மைக் டேவிஸ் 2001இல் எழுதிய ‘லேட் விக்டோரியன் ஹோலோகாஸ்ட்ஸ்’ இதைத்தான் சொல்கிறது. சென்னை மாகாணம் வருகிற பகுதியைப் படிக்க மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

கட்டுரை என்றால் நேத்தனியல் ரிச் எழுதிய ‘லூசிங் எர்த்’. 2018 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் மேகசின் ஒரு முழு இதழையே இதற்குக் கொடுத்தது. 1979 முதல் 1989 வரை, பூமி சூடாவது பற்றி விஞ்ஞானிகளுக்குத் தெரிந்து, அரசாங்கத்துக்கும் தெரிந்து, ஒப்பந்தம் போடுகிற அளவுக்கு வந்து, கை நழுவிப் போன பத்து வருஷத்தின் கதை. 1988 ஜூனில் நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹேன்சன் அமெரிக்க செனட் குழு முன்னால் சாட்சி சொல்கிற இடம் கண் முன்னால் நடப்பது மாதிரி இருக்கும்.

ஆனால் தயவுசெய்து அதை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். அந்தக் கட்டுரை “நாம்” தவறவிட்டோம், மனித இயல்பு அப்படி என்கிற பக்கம் சாய்கிறது. எனக்கு அதில் கோபம் உண்டு. உங்கள் அப்பா அந்த அறையில் இருந்தாரா? 1979இல் பொள்ளாச்சியில் தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவரை எப்படி அந்த நாமில் சேர்ப்பது? இதற்குப் பதில் மாதிரி இருப்பது 2015இல் இன்சைட் க்ளைமேட் நியூஸ் வெளியிட்ட எக்ஸான் தொடர். 1977லேயே அந்த எண்ணெய்க் கம்பெனியின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் மேலதிகாரிகளிடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லியிருக்கிறார். 1979இல் தங்கள் எண்ணெய்க் கப்பல் ஒன்றிலேயே கருவி பொருத்திக் கடலிலும் காற்றிலும் கரியமில வாயுவை அளந்திருக்கிறார்கள். தெரிந்துகொண்டு பிறகு சந்தேகத்தைக் கிளப்பிவிடுகிற பக்கம் போனார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.

கொள்ளிடக்கரை:

தம்பி, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் ரிச் எழுதியதை அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட வேண்டாம். அரசாங்க அலுவலகங்களுக்குள்ளே ஒரு நல்ல முடிவு எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நீர்த்துப் போகிறது, ஒரு வார்த்தையை மாற்றி எப்படி எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறார்கள் என்பதை அவர் மாதிரி விவரமாகச் சொன்னவர்கள் குறைவு. கம்பெனியைத் திட்டுவது சுலபம், அந்தக் கூட்டங்களில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வதும் நமக்கு வேண்டும்.

வளிமண்டலம்:

சரி அண்ணா, அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்காகத்தான் இரண்டையும் சொன்னேன். வரிசை மட்டும் என்னைக் கேட்டால் எக்ஸான் முதலில்.

பாம்பன் காற்று:

எல்லோரும் அமெரிக்காவையே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் தமிழில் கேட்டாரே!

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆசிரியை. பாரி என்று ஒரு தளம் இருக்கிறது, பீப்பிள்ஸ் ஆர்கைவ் ஆஃப் ரூரல் இந்தியா என்பதன் சுருக்கம். பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கியது. கிராமத்து மக்களின் வேலை, நிலம், கடல், கைத்தொழில், பாட்டு என்று எல்லாம் இருக்கும். பணம் கட்ட வேண்டாம், தமிழிலும் படிக்கலாம். பருவநிலை மாற்றத்தை நாட்டின் பல மூலைகளில் இருக்கிற சாதாரண ஜனங்கள் எப்படி உணர்கிறார்கள் என்று ஒரு தொடரே போட்டிருக்கிறார்கள். அதில் எங்கள் பக்கத்துப் பாரதிநகர்ப் பெண்கள் கடல்பாசி எடுப்பதைப் பற்றி எம். பழனிக்குமார் 2019இல் எழுதியதை முதலில் படியுங்கள், படங்களும் அவருடையவைதான். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறிக்கிற கைகளை அவர் எடுத்திருக்கிற விதத்தைப் பார்த்தால் போதும்.

எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் பாசிக்குப் போகிறவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். மரிக்கொழுந்திலிருந்து அகர் அகர் எடுக்கிறார்கள், அது இனிப்புக்கும் போகும், ஆய்வுக்கூடத்துக்கும் போகும். மன்னார் வளைகுடாவில் இருக்கிற 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. தேசியப் பூங்கா என்பதால் தீவுப் பக்கம் போக வனத்துறை விடாது, கரைப் பக்கம் பாசி குறைகிறது. இன்னொன்று, காப்பாஃபைக்கஸ் என்று வெளியிலிருந்து வந்த பாசி ஒன்றை வளர்க்கிறார்கள், அதற்கு எங்கள் ஊரில் பெப்சி பாசி என்றுதான் பெயர், அந்தக் கம்பெனிதான் இங்கே அதை வியாபாரத்துக்காக வளர்க்க ஆரம்பித்தது என்பதால். அது குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல் படர்ந்ததும் நடந்தது. வியாபாரம் ஒரு கட்டுரை, பருவநிலை ஒரு கட்டுரை, பண்பாடு ஒரு கட்டுரை என்று நீங்கள் தனித்தனியாகக் கேட்கிறீர்கள் சகோதரி, ஒரு பாசியின் பெயருக்குள்ளேயே மூன்றும் இருக்கிறது.

சாய்நாத்தின் 1996 புத்தகம் ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிரௌட்’. ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அதில் வருகின்றன. ஒரு பனையேறி ஒரு நாளில் ஏறுகிற உயரத்தைக் கூட்டினால் ஏறக்குறைய 5,000 அடி வருகிறது என்று அவர் கூடவே நின்று கணக்குப் போட்டிருப்பார். அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கக் காலத்தில் புதுக்கோட்டையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதையும் எழுதியிருக்கிறார். என் பெரியம்மா அப்போது சைக்கிள் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர், தண்ணீர்க் குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். அந்தப் பகுதியை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன், “நம்மளப் பத்தியா எழுதியிருக்காக?” என்று இரண்டு தடவை கேட்டார்.

ஸ்காபரோ வாசகன்:

நான் யாழ்ப்பாணம், இப்போது கனடாவில். இங்கு ஒருவரும் போரைப் பற்றிச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜோன் ஹெர்சியின் ‘ஹிரோஷிமா’. 1946 ஆகஸ்ட் 31 நியூயார்க்கர். நாலு பகுதிகளாகப் போடுவதாகத்தான் முதலில் இருந்தது, பிறகு இதழ் முழுவதையும் அந்த ஒரு கட்டுரைக்கே கொடுத்துவிட்டார்கள். அணுகுண்டு விழுந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதுவரை அமெரிக்கர்களுக்கு அது ஒரு பெரிய புகைக் காளான், ஒரு எண். ஹெர்சி ஆறு பேரை மட்டும் எடுத்தார். ஒரு அலுவலகப் பெண், ஒரு தையற்காரரின் விதவை, இரண்டு மருத்துவர்கள், ஒரு ஜெர்மன் பாதிரியார், ஒரு ஜப்பானியப் போதகர். காலை எட்டேகாலுக்கு ஒவ்வொருவரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதில் தொடங்குகிறார். எங்கேயும் குரலை உயர்த்த மாட்டார். நாற்பது வருடம் கழித்து 1985இல் அந்த ஆறு பேருக்கும் பிறகு என்ன ஆனது என்று இன்னொரு நீண்ட பகுதியும் எழுதினார்.

நான் இதை முதலில் வாசித்தது 2010 பனிக்காலத்தில். ஈழப் போர் முடிந்த 2009 பற்றி நாங்கள் வீட்டில் கதைக்காமல் இருந்த காலம். தொலைக்காட்சியில் எண்களைத்தான் சொன்னார்கள், அந்த எண்களைப் பற்றியே சண்டையும் பிடித்தார்கள். அந்த இரவு எனக்கு வந்த எண்ணம், எங்களுக்கும் இப்படி ஆறு பேரைக் கொண்டு ஒருவர் எழுத வேண்டும் என்பதுதான். 2014இல் ரோகிணி மோகனின் ‘தி சீசன்ஸ் ஆஃப் ட்ரபிள்’ வந்தது. மூன்று பேரின் வாழ்க்கையை ஐந்து வருடம் பின்தொடர்ந்து எழுதியிருக்கிறார். தங்கச்சி, இது பேருந்தில் வாசிக்கக்கூடியது இல்லை. ஒரு விடுமுறை நாளில், வீட்டில் ஆட்கள் இருக்கும்போது வாசியுங்கள்.

பொள்ளாச்சிப் பேருந்து:

நான்கு வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்ல வேண்டும்.

முதலில் டீச்சர் சொன்ன பாசிக் கட்டுரை, ஒரே பயணத்தில் முடித்தேன். அடுத்து என்ரான். எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேருக்கு அனுப்பினேன், மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் அதையேதான் பேசினோம். அப்புறம் அச்சாஃபலாயா. ஆங்கிலம் கடினமாகத்தான் இருந்தது, ஆற்றுப் பொறியியல் வார்த்தைகள் நிறைய, முதல் இரண்டு நாள் ஒரு நாளைக்கு நாலு பக்கம்கூட ஓடவில்லை. மூன்றாவது நாள் ஒரு தாளில் ஆற்றின் படம் போட்டு வைத்துக்கொண்டு படித்தேன், அதன் பிறகு வேகம் வந்துவிட்டது. ஒன்பது நாள் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் படத்தைக் காட்டி அப்பாவுக்குக் கதையாகச் சொன்னேன். துணி உதாரணத்தில் ஆரம்பித்தேன், தலையை ஆட்டினார். மிசிசிப்பிக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது சதவீதம் என்று சட்டம் போட்டார்கள் என்றதும், “அட, நம்ம மணக்கடவுக் கணக்கு மாதிரி” என்றார். எனக்குப் புரியவில்லை. அப்புறம் ஒன்றரை மணி நேரம் அவர்தான் பேசினார். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் (பி.ஏ.பி.), கேரளத்தோடு 1970இல் போட்ட ஒப்பந்தம், அதை 1958இலிருந்தே அமலில் இருப்பதாக வைத்துக்கொண்டது, கேரளத்துச் சித்தூர்ப் பாசனத்துக்கு மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. அளந்து கொடுக்க வேண்டியது, மழை குறைந்த வருஷத்தில் இந்தப் பக்கத்து விவசாயிக்கும் அந்தப் பக்கத்து விவசாயிக்கும் என்ன நடக்கும், எல்லாம். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் ஏன் முறை வைத்து வருகிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முப்பத்திரண்டு வருஷமாக அந்தத் தண்ணீரில் வளர்ந்தவள் நான். அவர் சொன்னதை எல்லாம் அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஹிரோஷிமாவை இன்னும் தொடவில்லை அண்ணா, தீபாவளி விடுமுறைக்கு வைத்திருக்கிறேன். டார்பெல்லில் அந்த 1872 அத்தியாயம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு கேள்வி. பி.ஏ.பி. திட்டத்தைப் பற்றி, அணைகளைக் கட்டியவர்கள், காட்டிலிருந்து இடம் மாறியவர்கள், இரண்டு மாநில விவசாயிகள் எல்லோரையும் சேர்த்துத் தமிழிலோ மலையாளத்திலோ யாராவது நீளமாக எழுதியிருக்கிறார்களா? மலையாளம் என்றால் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா படித்துச் சொல்வார். அடுத்த சனிக்கிழமை அப்பா என்னை மணக்கடவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்.

கொள்ளிடக்கரை:

தேடிப் பார்க்கிறேன் தங்கச்சி, பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற இரண்டு பேரைத் தெரியும், அவர்களிடமும் கேட்கிறேன். மணக்கடவில் தண்ணீரை எந்த இடத்தில், எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்து வந்து எழுதுங்கள். முடிந்தால் ஒரு படமும் போடுங்கள், அப்பா வரைந்த படம் என்றால் இன்னும் நல்லது.